அப்பும் இல்லை, டவுனும் இல்லை

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றபோது அவள் கையில் இருபத்தாறு விடைத்தாள்கள் இருந்தன. மனதில் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. இன்றைக்கும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்...

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. விளக்கு இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. மின்விசிறி நின்றது. அவள் மணியை அழுத்தினாள். எங்கேயோ அடித்தது, யாரும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினாள். பிறகு, சரிதான் போ என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். செல்போன் டார்ச்சைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டாள். வேறு பெண்ணாக இருந்தால் கதவைத் தட்டி ஊரைக் கூட்டியிருப்பாள். இவளுக்கு வீம்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால் அந்த வீம்பெல்லாம் லிஃப்டுக்குள்ளேதான். நான்காவது மாடிக்குப் போய்விட்டால் பெட்டிப் பாம்பு.

நான்காவது மாடியில் இருந்தது ஸ்போக்கன் இங்கிலீஷ் பயிற்சி நிலையம். அதை நடத்துவது அவள் அம்மா. அவள் அங்கே டீச்சர். வீட்டில் 'அம்மா' என்று கூப்பிடலாம், அங்கே பெற்ற மகளும் 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

பத்து நிமிடம் கழித்துத் தலைக்கு மேலே இரும்பு கிரீச்சிட்டது. கதவுக்கு மேல்பக்கம் ஒரு முழ அகலத்துக்கு இடைவெளி தெரிந்தது. வெளிச்சம் உள்ளே விழுந்தது.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"ஒருத்தி இருக்கா."

"பயப்படாதீங்க மேடம்."

"பயப்படல. பேப்பர் திருத்திட்டிருக்கேன். வெளிச்சத்தை மறைக்காதீங்க."

மேலே இரண்டு கண்கள் தெரிந்தன. நான்காவது மாடித் தரையில் குப்புறப் படுத்து, இடைவெளி வழியாக அவன் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் பாதி இருட்டு, நெற்றியில் கிரீஸ், தலையெல்லாம் மழை. அந்தக் கண்கள் மட்டும்... சிரிக்கலாமா வேண்டாமா என்று அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தன.

டப். ஒரு சொட்டு விடைத்தாளில் விழுந்தது.

"தலையைக் கொஞ்சம் பின்னாடி இழுக்கிறீங்களா? பேப்பர்ல சொட்டுது."

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு இருக்கீங்க... கவலை பேப்பரைப் பத்தியா?"

"இது ஒரு தையல்கார அக்காவோட பேப்பர். மொத்தப் பேப்பர்ல சரியா எழுதினது ஒண்ணே ஒண்ணுதான். அதைத்தான் நீங்க அழிச்சிட்டீங்க."

"ஐயோ பாவம். என்ன எழுதியிருந்தாங்க?"

"ரன் அவுட் ஆஃப்."

அவன் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். "ரன்னா ஓடு. அவுட்டுன்னா வெளியே. ஆஃப்னா அணைஞ்சுபோச்சு. கரென்ட் ஆஃப் ஆயிடுச்சு, வெளியே ஓடுன்னு அர்த்தமா? நம்ம நிலைமைக்குச் சரியா இருக்கே."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். உதடு கேட்கவில்லை.

"அது வேற ஆஃப், இது வேற ஆஃப். ரன் அவுட் ஆஃப்னா தீர்ந்துபோறது. சர்க்கரை தீர்ந்துபோச்சுன்னு சொல்றோமே, அது."

"சர்க்கரை ஓடிச்சா?"

"ஓடல."

"வெளியே போச்சா?"

"போகல."

"அப்புறம் எதுக்கு மேடம் மூணு வார்த்தை?"

மூன்று வருடமாகப் பாடம் நடத்துகிறாள், இதை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. மனப்பாடம் பண்ணு என்பதுதான் அம்மாவின் ஒரே விளக்கம். அவள் பேனாவை மூடினாள்.

"ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு அர்த்தம் இருக்கு. மூணும் ஒண்ணு சேர்ந்ததும் பழசை மறந்துட்டு வேற ஆளாயிடும்."

மேலே யோசனை. பிறகு அந்தக் கண்கள் பளிச்சென்று விரிந்தன.

"ஓ... போட்டுக்கொடுக்கிற மாதிரி."

"என்னது?"

"எங்க ஆபீஸ்ல ஒருத்தன் என்னை மேனேஜர்கிட்ட போட்டுக்கொடுத்தான். அவன் எதையும் போடவும் இல்ல, கொடுக்கவும் இல்ல. ஆனா வாங்கினது நான்."

இந்த முறை அவள் சத்தமாகவே சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அவளுக்கே உறைத்தது... இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மொட்டை மாடி மெஷின் அறையில் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. அவனுடைய பார்ட்னர், தலை நரைத்த ஒரு மெக்கானிக், அங்கே சக்கரத்தைக் கையால் சுற்றினார். இவன் கீழே இருந்து குரல் கொடுத்தான். "சுத்துங்கண்ணே... இன்னும் கொஞ்சம்... போதும்." லிஃப்ட் விரல் விரலாக மேலேறியது. அவள் எழுந்து நின்றாள். மேலே இருந்த கண்கள் மெல்ல மெல்ல அவள் கண்களுக்கு நேரே வந்தன. அவள் காலைத் தூக்கி வெளியே வைக்கப் போனாள்.

"இருங்க. இன்னும் நாலு விரல் இருக்கு."

"தாண்டிடுவேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. தடுக்கி விழறவங்க பெரிய உயரத்துல விழறதில்ல மேடம், இந்த நாலு விரல்லதான் விழறாங்க. லெவல் ஆகாம நான் யாரையும் இறங்க விடமாட்டேன்."

கடைசியில் லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒன்றாயின. அவன் உள்ளங்கையை இரண்டுக்கும் குறுக்கே வைத்துத் தடவிப் பார்த்தான்.

"லெவல். இப்ப வாங்க."

அவ்வளவுதான் நடந்தது. அன்று வகுப்பில் அவள் இரண்டு முறை 'ஆன்' எழுத வேண்டிய இடத்தில் 'இன்' எழுதினாள்.

அடுத்த திங்கட்கிழமை மாலை ஆறு மணி வகுப்பில், கடைசி வரிசையில், தலை வாரி, சட்டையை இஸ்திரி போட்டு அவன் உட்கார்ந்திருந்தான். கிரீஸ் இல்லாத நெற்றி. கண்கள் மட்டும் அதே கண்கள்.

காரணம் இல்லாமல் வரவில்லை. அவன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ ஆங்கிலத்தில்தான் நடக்கும். வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் இரண்டு முறை இன்டர்வியூவில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்திருந்தான். மூன்றாவது இன்டர்வியூவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. இதுவும் போனால் இன்னொரு தடவை கிடையாது.

வகுப்பில் அம்மா வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். தமிழில் ஒரு வார்த்தை பேசினால், வகுப்பு முடியும்வரை எழுந்து நிற்க வேண்டும். முதல் வாரம் அவன் உட்கார்ந்து படித்ததைவிட நின்று படித்ததுதான் அதிகம். எல்லோரும் அவனை 'லிஃப்ட் அண்ணன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தையல்கார அக்கா, அவனைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் அப்படியே கூப்பிட்டார்.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று மகளுக்கு மட்டும் தெரியும். அம்மா இளவயதில் ஒரு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். 'கொஞ்சம் இருங்க' என்பதற்கு 'ஹோல்ட் ஆன்' என்று சொல்ல வேண்டும். அம்மா ஒருநாள் பதற்றத்தில் 'ஹோல்ட் அப்' என்று சொல்லிவிட்டாள். அதற்குத் துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடிப்பது என்று அர்த்தம். அன்றிலிருந்து அம்மா வராந்தாவில் நடந்து வந்தாலே கூட வேலை பார்த்த ஆண்கள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒரு வருடம் முழுக்க நின்றார்கள். ஒரே ஒரு சின்ன வார்த்தை மாறிப்போனதற்கு... அம்மா ராஜினாமா செய்தாள், அகராதியைக் கரைத்துக் குடித்தாள், இந்த நிலையத்தைக் கட்டினாள். அப்புறம் ஆங்கிலத்தில் தப்பு செய்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

வகுப்பு முடிந்ததும் அவன் வராந்தா ஜன்னல் ஓரம் நிற்பான். அவள் வருகைப் பதிவேட்டை வைத்துப் பூட்டிவிட்டு வருவாள். ஐந்து நிமிடம்தான். வெளியே மழை இருக்கும், சில நாள் இருக்காது. மழை இல்லாத நாளிலும் அவள் 'மழை விடட்டும்' என்று நிற்பாள், அவனும் வானத்தைப் பார்த்து 'ஆமா, பலமாத்தான் இருக்கு' என்பான்.

"இன்னைக்கு எது புரியல?"

"புட் அப் வித். புட்டுன்னா போடு, அப்புன்னா மேல, வித்துன்னா கூட. யாரோடயோ சேர்ந்து மூட்டையைப் பரண் மேல போடறதா?"

"சகிச்சுக்கிறது. பொறுத்துப் போறது."

"ஓ. மூட்டைதான். கொஞ்சம் வேற மூட்டை." அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். பிறகு நிமிர்ந்து, "நீங்க யாரைப் பொறுத்துப் போறீங்க டீச்சர்?" என்றான்.

அவள் கண் தானாக மேடம் அறையின் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது. அவன் பார்த்துவிட்டான். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த நாகரிகம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பிடித்துப்போனது... ஆமாம். இனி அதை மறைத்து என்ன பயன்? லிஃப்டில் பொத்தானை அழுத்தும்போது அவன் ஞாபகம். சர்க்கரை டப்பா காலியானால் அவன் ஞாபகம். இருபத்தேழு வயதில், பெரிய இலக்கணப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

இன்டர்வியூவுக்கு ஐந்து நாள் இருந்த புதன்கிழமை. அன்று பேச்சு வகுப்பு. நீங்கள் மதிக்கும் ஒருவரைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். மேடமே நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மகள் கடைசி வரிசையில் பதிவேட்டுடன் இருந்தாள்.

அவன் முறை வந்தது. எழுந்து வந்தான். சட்டைக் காலரைச் சரி செய்தான். இதை அவன் கண்ணாடி முன்னால் நூறு தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பான் என்று பார்த்தாலே தெரிந்தது.

"ஃப்ரம் தி ஃபர்ஸ்ட் டே... ஐ லுக் டவுன் ஆன் அவர் டீச்சர்."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அப்படியே பரவியது. அவர்களுக்குப் புரியவில்லையோ என்று நினைத்து, அவன் இன்னும் தெளிவாக, இன்னும் நெஞ்சார, மறுபடி சொன்னான்.

"டெய்லி ஐ லுக் டவுன் ஆன் ஹர். வெரி மச்."

வகுப்பே அதிர்ந்தது. லுக் அப் டு என்றால் ஒருவரை உயர்வாக மதிப்பது. லுக் டவுன் ஆன் என்றால் இளக்காரமாகப் பார்ப்பது. முதல் நாளிலிருந்து எங்கள் டீச்சரை நான் இளக்காரமாகப் பார்க்கிறேன், தினமும், ரொம்ப... அதைத்தான் அவன் அவ்வளவு மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காது மடல் சூடானது. முதல் நாள்... குப்புறப் படுத்து... அவன் மேலே, அவள் கீழே. அவன் அவளை முதலில் பார்த்தது கீழ்நோக்கித்தான். அந்தப் பார்வையைத்தான் அவன் சொல்கிறான். இந்த அறையில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எழுந்து சொல்லிவிடலாம். சொன்னால் லிஃப்ட் வெளியே வரும், ஜன்னல் ஓரம் வெளியே வரும், எல்லாம் வெளியே வரும்.

மேடம் எழுந்தாள். "யு லுக் டவுன் ஆன் மை டாட்டர்? கெட் அவுட்."

அவன் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியது. என்ன தப்பு என்று தெரியவில்லை, தப்பு என்று மட்டும் தெரிந்தது. அவன் கண்கள் கடைசி வரிசைக்கு வந்தன. ஒரே ஒரு தடவை. அவள் பதிவேட்டைப் பார்த்தாள்.

"இது ரெண்டே வார்த்தைதான் மேடம்," என்றான் அவன் தமிழில், அமைதியாக. "இது புரியுது."

நோட்டை எடுத்துக்கொண்டு போனான். லிஃப்டில் போகவில்லை. நான்கு மாடியும் அவன் படியில் இறங்கிய சத்தம் அவளுக்குக் கேட்டது.

அன்று வீட்டில் அம்மா தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "நல்லவேளை, ஆரம்பத்துலயே தெரிஞ்சுது" என்றாள். அவள் "ம்" என்றாள். புட் அப் வித், புட் அப் வித்... இருபத்தேழு வருடமாக எத்தனை மூட்டையைப் பரணில் ஏற்றியிருக்கிறாள். இனி பரணில் இடமில்லை.

மறுநாள் வகுப்பில் கடைசி நாற்காலி காலியாக இருந்தது. வெளியே காலையிலிருந்தே மழை. மேடம் வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதினாள். லுக் டவுன் ஆன். நேற்றைய உதாரணத்தை யாரும் மறக்க மாட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வகுப்பு மறுபடியும் சிரித்தது.

"அது தப்பில்ல."

தமிழ். அதுவும் கடைசி வரிசையிலிருந்து. அத்தனை தலைகளும் திரும்பின.

"லாங்க்வேஜ்," என்றாள் மேடம்.

"தமிழ்லதான் சொல்றேன் மேடம். நிக்கணும்னா நிக்கிறேன்." அவள் எழுந்து நின்றாள். "ஒரு மாசம் முன்னாடி நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். நான் கீழ இருந்தேன். அவர் மேல படுத்துக்கிட்டு எட்டிப் பார்த்தார். லுக்குன்னா பார், டவுன்னா கீழ. கண்ணால என்ன பார்த்தாரோ அதைச் சொன்னார். அவர் சொல்ல வந்தது மரியாதை. எனக்கு நேத்தே தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தேன். சிரிக்கிறதா இருந்தா என்னைப் பார்த்துச் சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"சிட் டவுன்," என்றாள் மேடம்.

"மாட்டேன். நீங்க போட்ட சட்டம்தான். கிளாஸ் முடியற வரைக்கும் நிக்கணும்."

நாற்பது நிமிடம் அவள் நின்றாள். மேடம் பாடம் நடத்தினாள். குரல் இரண்டு இடத்தில் தடுக்கியது. பாதியில் தையல்கார அக்கா மெதுவாக எழுந்தார்.

"வாட்?" என்றாள் மேடம்.

"கால் மரத்துப்போச்சு மேடம்," என்றார் அக்கா, சுத்தமான தமிழில். எழுந்தவர் உட்காரவே இல்லை.

வகுப்பு கலைந்ததும் அறையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். மேடம் போய் அம்மா வந்துவிட்டிருந்தாள்.

"எல்லார் முன்னாடியும் என்னை அவமானப்படுத்திட்டே."

"நேத்து நீ அவரைப் பண்ணினியேம்மா, அதுக்குப் பேர் என்ன?"

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்டி அவன்."

"ஆமா. நீ தினமும் ஏறி வர்ற லிஃப்ட்."

"அவனுக்கு ஒரு வாக்கியம் ஒழுங்கா வரல. இவனோட நீ..."

"உனக்கும் வரலையேம்மா அன்னைக்கு." அவள் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை வருடம் வைத்திருந்தாள். "ஹோல்ட் அப்னு சொன்னதுக்கு ஒரு வருஷம் கையைத் தூக்கிட்டு நின்னாங்களே, அவங்களை நீ இன்னும் மன்னிக்கல. நேத்து இந்த ரூம்ல அதே சிரிப்புதான் கேட்டுச்சு. இந்தத் தடவை முன்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது நீ."

அம்மா டஸ்டரை எடுத்தாள். பலகையில் இருந்த மூன்று வார்த்தைகளையும் அழித்தாள். அழித்த இடத்தையே மறுபடி மறுபடி அழித்தாள். ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மகள் தயாராக இல்லை.

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்கும்மா. உனக்குப் பிடிக்கலைன்னாலும் பிடிச்சிருக்கு. போய் மன்னிப்புக் கேக்கப் போறேன்."

"எங்க போய்த் தேடுவே?"

"அவங்க ஆபீஸ், வேலை செய்யற இடம்... எங்கயாவது."

அம்மா திரும்பாமலே டஸ்டரைத் தட்டினாள். "இன்னைக்கு லிஃப்ட் ஏன் ஓடலைன்னு கூடக் கேக்காமத்தான் படியேறி வந்தியா? அடியில தண்ணி ரொம்பிடுச்சாம். மத்தியானத்துல இருந்து அவன் கீழ குழியிலதான் இருக்கான்." பிறகு, குரலில் கொஞ்சமும் இறங்காமல், "எனக்கு இன்னும் பிடிக்கல. அதையும் தெரிஞ்சுக்கோ" என்றாள்.

"தெரிஞ்சுக்கிட்டேன்."

நான்கு மாடியையும் அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. குறுக்கே மஞ்சள் நிறத் தடுப்பு. லிஃப்டை மேலே நிறுத்திவிட்டு, கீழே ஆள் உயரக் குழியில் முழங்கால் வரை பேன்ட்டை மடித்துக்கொண்டு, அவன் வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். நெற்றியில் மறுபடியும் கிரீஸ்.

அவள் தடுப்பை நகர்த்திவிட்டு விளிம்பில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

வாளி நின்றது. அவன் தலையை நிமிர்த்தினான். அந்தக் கண்கள்... இந்த முறை கீழே இருந்து.

"ஒருத்தன் இருக்கான்," என்றான். குரலில் விறைப்பு. "இறைக்கிற வேலை இருக்கு. வெளிச்சத்தை மறைக்காதீங்க டீச்சர்."

"கோபமா?"

"மேடம் மேல இல்ல. அவங்களுக்குத் தெரியாது." அவன் வாளியைப் பார்த்தான். "நேத்தே வீட்டுக்குப் போய் அகராதி பார்த்தேன். நான் சொன்னது தப்புதான். ஆனா நான் சொல்ல வந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அதுதான்..."

"தெரிஞ்சிருந்துச்சு." அவள் ஒரு வார்த்தையைக்கூட மென்று விழுங்கவில்லை. "தெரிஞ்சும் கோழை மாதிரி பதிவேட்டைப் பார்த்துட்டு இருந்தேன். தப்பு என்னோடது. இன்னைக்கு அதே கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் தமிழ்ல சொல்லிட்டேன். நாற்பது நிமிஷம் நிக்கவும் நின்னேன்."

"நீங்களா? நின்னீங்களா?"

"தையல்கார அக்காவும் நின்னாங்க. கால் மரத்துப்போச்சாம்."

அவன் சிரித்துவிட்டான். எவ்வளவு அடக்கியும் கண்ணிலிருந்துதான் முதலில் கசிந்தது. மழை வாசலில் சடசடத்தது.

"ஸ்டாண்ட் அப் டு, ஸ்டாண்ட் அப் ஃபார்..." என்றான் மெதுவாக. "எதிர்த்து நிக்கிறது ஒண்ணு. ஒருத்தருக்காக நிக்கிறது இன்னொண்ணு. போன வாரம் கேட்டப்ப வித்தியாசம் புரியல டீச்சர். ஒரே நாள்ல ரெண்டையும் பண்ணிட்டு வந்திருக்கீங்க."

"திங்கட்கிழமை இன்டர்வியூ. நாளைக்கு நீங்க கிளாஸுக்கு வரணும்."

"உங்கம்மா?"

"எழுந்து நிக்கச் சொல்வாங்க. சேர்ந்து நிப்போம்."

அவன் தலையை நன்றாக அண்ணாந்தான். "இப்ப சரியாச் சொல்றேன், கேளுங்க. நான் கீழ இருக்கேன், நீங்க மேல. ஐ லுக் அப் டு யூ. கண்ணால பார்த்தாலும் சரி, அகராதியைப் பார்த்தாலும் சரி. இதுல யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது."

"வேண்டாம்," என்றாள் அவள்.

அவன் முகம் மாறியது.

"எனக்கு அண்ணாந்து பார்க்கிறவரும் வேண்டாம், குனிஞ்சு பார்க்கிறவரும் வேண்டாம். மேல ஏறி வாங்க."

குழியின் பக்கத்தில் இரும்பு ஏணி இருந்தது. அவன் ஏறினான். தோள் வந்தது, மார்பு வந்தது. விளிம்பில் உட்கார்ந்திருந்த அவள் முகத்துக்கு நேரே அவன் முகம் வரும்போது, "நில்லுங்க" என்றாள். அவன் ஏணியிலேயே நின்றான். கண்ணுக்கு நேர் கண். மழை ஈரமும் கிரீஸ் வாசனையும். அவளுடைய இதயம் அடித்த அடியில் அத்தனை இலக்கணமும் மறந்துபோனது.

"லுக் அட்," என்றாள். "அப்பும் இல்ல, டவுனும் இல்ல. நேராப் பார்க்கிறதுக்கு ஒரே ஒரு சின்ன வார்த்தை போதும். லுக் அட் மீ."

அவன் பார்த்தான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள். "மேல அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். இனிமே யாருக்காகவும் இதை மாத்திச் சொல்ல மாட்டேன். இப்ப உங்க பதில்."

அவன் கிரீஸ் கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்தான். உள்ளங்கையை விரித்து, தன் புருவத்துக்கும் அவள் புருவத்துக்கும் நடுவில் குறுக்கே நீட்டி, ஒரு கண்ணை மூடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். நான்கு விரல்கூட வித்தியாசம் இல்லை.

"லெவல்," என்றான். அந்தக் கையை அப்படியே அவள் பக்கம் நீட்டினான். "இப்ப வாங்க."